தலைகீழாய்த் தெரிந்த மலை

“கண்ணில் பட்டது” என்ற வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். விதி என்னவோ ஒன்றே ஒன்றுதான். பறவையோ பாம்போ, சுற்றுலா போன ஊரோ, கொல்லையில் காய்த்த இரட்டைக் கத்தரிக்காயோ, யாரும் எதைப் படம் பிடித்தும் போடலாம். காட்டுயிர் என்றால் மட்டும் எடுத்த இடத்தைச் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. குழுவின் பெயருக்குக் கீழேயே இதை எழுதி வைத்திருந்தாள் சுகிர்தா. அவள்தான் குழுவை ஆரம்பித்தவள், அட்மின், காவல்காரி, குப்பை அள்ளுகிறவள், எல்லாம். எழுதி வைத்ததை யார் படிக்கிறார்கள்? ஒரு மீன்கொத்தியைப் போட்டால் போதும், ஏழு பேர் “எங்கன எடுத்தது?” என்று வரிசையாய் வந்து நிற்பார்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி என்பது அவளுடைய முடிவு. படத்தில் இருக்கும் பறவை அவர்கள் கண்ணில் படாது. பின்னால் மங்கலாய்த் தெரியும் மண்டபத்துத் தூண்தான் படும். உடனே அது எந்தப் படித்துறை என்று சண்டை தொடங்கிவிடும். “குறுக்குத்துறைதான் வே, நான் பொறந்ததுலேருந்து அங்கனதான் குளிக்கேன்.” “குறுக்குத்துறைல தூணு இப்படியா இருக்கு? கண்ண டாக்டர்ட்ட காட்டும்.” மீன்கொத்தி என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுவார்கள். அதனால் சுகிர்தா தன் படங்களில் தூணை வெட்டி, பனையை வெட்டி, மின்கம்பத்தை வெட்டி, கடைசியில் ஒரு மூக்கும் கொஞ்சம் தண்ணீரும் மிஞ்சும்படி செய்துதான் போடுவாள்.

இத்தனை பேரிலும் அவளை அதிகம் பாடாய்ப் படுத்தியவர் வெளியாள் இல்லை. அவளுடைய சொந்தத் தாய்மாமா ஆவுடைநாயகம். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. பாபநாசத்து மலையடிவாரத்திலிருந்து ஆறு கடலில் சேரும் இடம் வரை, அவர் சங்கிலி போட்டு அளக்காத வயல் குறைவு. எந்தப் படத்தைக் காட்டினாலும் ஊரைச் சொல்வார். ஊர் சொன்னால் போதாது, புல எண்ணையும் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மேலப்பாளையத்து ஹமீது பீவி ஒருமுறை கொடிக்கம்பியில் வரிசையாய்த் தொங்கும் மழைத்துளிகளைப் படம் பிடித்துப் போட்டார். அருமையான படம். மாமா அதற்கு எழுதிய பதில்: “பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பார்த்தால் தங்கள் வீடு மேலத் தெருவில் கிழக்குப் பார்த்த வாசல்.” அந்தம்மா பயந்துபோய் மூன்று நாள் குழுப் பக்கமே வரவில்லை. சுகிர்தாதான் போன் போட்டுச் சமாதானம் சொன்னாள்.

சுகிர்தாவுக்கு நாற்பத்தொரு வயது. ஆற்றோரக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் சீக்கிரமே கிளம்பி, போகிற வழியில் ஓர் அணைக்கட்டின் பக்கம் கேமராவோடு அரை மணி நேரம் உட்காருவாள். எந்த அணைக்கட்டு என்று கேட்காதீர்கள். அங்கே மருதமரத்து வேர்களுக்கு அடியில் ஒரு நீர்நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. மூன்று வாரமாய் அவள் பார்த்து வருகிறாள். குட்டிகள் இன்னும் நீந்தப் பழகவில்லை. தாய் மீனைக் கவ்விவந்து வேரின் மேல் போட்டால் மூன்றும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். வீட்டில் கணவன் கணேஷ்ராமிடம்கூட அவள் இடத்தைச் சொல்லவில்லை. கணவனே ஆனாலும் அவனும் திருநெல்வேலிக்காரன்தானே.

அப்படிப்பட்டவள் ஏன் படத்தைப் போட்டாள் என்றால், எல்லாம் ரோஷம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவில் எபனேசர், முண்டந்துறையில் பார்த்த புலி என்று ஒரு படம் போட்டார். புலியில்லை, புலியின் வால். அதுவும் வால்தானா, காய்ந்த கம்பா என்று சுகிர்தாவுக்குச் சந்தேகம். அதற்கு நூற்று நாற்பது இதயம். போதாததற்கு, “மலைக்குப் போனாத்தான் எதாவது பாக்கலாம், நம்ம ஆத்துல இப்ப என்ன இருக்கு? ஷாம்பு உறைதான்” என்று கீழே ஒருவர் எழுதினார். சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. நீர்நாய் படங்களில் சிறந்த ஒன்றை எடுத்தாள். வானத்தை வெட்டினாள், மலையை வெட்டினாள், அணைக்கட்டின் சுவரை வெட்டினாள், மருதமரத்தையே வெட்டினாள். தாயும் குட்டியும், முன்னால் அசையாத தண்ணீரும் மட்டும் இருந்தன. போட்டுவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, மருந்து ஜன்னலில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது, போன் விடாமல் அதிர்ந்தது. குழுவில் மாமாவின் செய்தி.

“மேற்படி நீர்நாய் படத்தின் இடம் கண்டறியப்பட்டது. படத்தில் மலை வெட்டப்பட்டுள்ளது. ஆனால் தண்ணீரில் மலையின் நிழல் வெட்டப்படவில்லை. நிழலில் தெரியும் முகட்டை வைத்துப் பார்க்கையில்...” என்று தொடங்கி, கிராமம், அணைக்கட்டு, கரை, புல எண், உட்பிரிவு வரை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். அவற்றை இங்கே எழுதினால் நாமும் அதே பாவத்தைச் செய்ததாகும்.

சுகிர்தா படத்தைத் திறந்து பார்த்தாள். ஆமாம். தண்ணீரில், குட்டியின் மீசைக்குக் கீழே, பொதிகை மலை தலைகீழாய்ப் படுத்திருந்தது. அழகாய் இருக்கிறதே என்று அவள்தான் அதை விட்டு வைத்திருந்தாள்.

அட்மினுக்கு உள்ள அதிகாரத்தில் செய்தியை உடனே அழித்தாள். இரண்டே நிமிஷம். “எனது செய்தி எப்படியோ காணாமல் போய்விட்டது. நண்பர்கள் வசதிக்காக மீண்டும் இடுகிறேன்” என்று மாமா முழுவதையும் மறுபடி போட்டார். இந்தத் தடவை கூகுள் வரைபடமும் சேர்த்து. அதையும் அழித்தாள். அதற்குள் கிருபைராஜ் வந்துவிட்டான். சந்திப் பிள்ளையார் முக்கில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், ரீல்ஸ் போடுகிறவன், நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று தினம் ஒருமுறையாவது சொல்கிறவன். கெட்டவன் இல்லை. கெட்டவனாயிருந்தால் குழுவிலிருந்து தூக்கியிருக்கலாம்.

“அழிக்காங்கன்னா எடம் சரிதான் போல! நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நான் ட்ரோன் எடுத்துட்டு வாரேன். யாரெல்லாம் வாறீங்க?” என்று அவன் கேட்டிருந்தான். கீழே கைகள் உயர்ந்தன. எட்டு, பதினொன்று, பத்தொன்பது. பிள்ளைகளையும் கூட்டிவரலாமா என்று ஒருவர். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே குளித்துச் சாப்பிட்டு வரலாமே என்று இன்னொருவர்.

சுகிர்தா மாமாவுக்கு ஐந்து தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர், “என்னம்மா, மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டுப் போனப் பாத்தா எப்படி?” என்றார். அவருக்கு மாத்திரையைக் கொடுத்து, மீதிக் கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தாள். டவுனில் மாமா வீட்டு வாசலில் அவள் இறங்கியபோது மணி மூன்று.

கதவைத் திறந்த நீலாம்பாள் அத்தை வாயில் விரலை வைத்தாள். “பைய வா. சாப்பிட்டதும் போன அமத்திட்டுத் தலையச் சாச்சாரு. நாலு மணிக்கு மின்னாடி எழுப்புனா வீடு ரெண்டாயிரும்.”

“அத்தை, அவசரம்.”

“என்ன அவசரமானாலும் நாலு மணிக்குத்தான். உக்காரு, காப்பி போடுதேன்.”

சுகிர்தா உட்கார்ந்தாள். உள்ளே மாமாவின் குறட்டை நிதானமாய் ஏறி இறங்கியது. ஊர் முழுக்கப் பற்றவைத்துவிட்டு மனிதருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ! குழுவில் எண்ணிக்கை இருபத்தாறு ஆகியிருந்தது.

அத்தை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் பாட்டைச் சொன்னாள். “உங்க மாமாவுக்குக் கோட்டி புடிச்சிருக்குட்டி. காலைல அந்தப் படத்தத் தலைகீழாப் பாக்கணும்னு போனத் திருப்புதாரு, படமும் கூடவே திரும்புது. இவரு திருப்ப, அது திரும்ப. கடைசில என்ன செஞ்சாருன்னு நெனைக்க? போன என் கைல குடுத்து, நேராப் புடிட்டீன்னுட்டு, கட்டில்ல மல்லாக்கப் படுத்துத் தலையத் தொங்கப்போட்டுப் பாக்காரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. ரத்தக் கொதிப்புள்ள மனுசன் செய்யுத வேலையா இது?”

நான்கு அடித்ததும் மாமா எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வந்தியா? எப்படிக் கண்டுபிடிச்சேன் பாத்தியா? நீ மலைய வெட்டிட்டா எனக்குத் தெரியாதாக்கும்!”

“மாமா, இடத்தைச் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குல்லா?”

“விதி என்ன? படம் எடுத்தவங்க சொல்லப்பிடாது. மத்தவங்க கேக்கப்பிடாது. நான் எடுக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. நானா கண்டுபிடிச்சேன். அதுக்கு உன் விதியில எடமே இல்லையேட்டி.”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாளைக் காலையில் வரப்போகும் கூட்டத்தைச் சொன்னாள். ட்ரோனைச் சொன்னாள். அந்தச் சத்தத்துக்குத் தாய் மிரண்டால் நீந்தத் தெரியாத குட்டிகளை ஆழத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு ஓடும், மூன்றில் ஒன்றுகூடக் கரை சேராது என்றாள்.

மாமா கொஞ்சம் யோசித்தார். “சரி, அழிச்சிரு. நீதான் அழிக்கேல்லா.”

“அழிச்சதாலதான் மாமா எல்லாரும் நம்பிட்டாங்க. இனி ஒரே வழிதான். நான் சொன்னது தப்பு, அது அந்த இடம் இல்லைன்னு நீங்களே போடணும்.”

சிரிப்பு நின்றது. “தப்பா? யாரு, நானா?”

“ஒரு பேச்சுக்குத்தான் மாமா.”

“அந்த அணைக்கட்டுக்கு மேக்க உள்ள எல்லைக்கல்லு நான் நட்டது. முப்பத்தாறு வருஷத்துல என் சங்கிலியில ஒரு லிங்க்ஸ் தப்புன்னு ஒரு பய என்னச் சொன்னதில்ல. கோர்ட்டுல வக்கீலு குறுக்கு விசாரணை பண்ணியும் அசையல. இப்ப நானே போயி, என் அளவு தப்புன்னு இருநூறு பேருக்கு முன்னால எழுதணுமாக்கும்? அந்த முத்துமாலைப் பய இருக்கான் குழுவுல. எங்கிட்டச் சங்கிலி பிடிக்கக் கத்துக்கிட்டவன். அவன் சிரிப்பானேட்டி.”

“சிரிக்கட்டுமே மாமா!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “உங்க கெட்டிக்காரத்தனம் பெருசா, மூணு உசிரு பெருசா? நாலு வருஷமா ஒரே ஒரு விதிய வச்சிக்கிட்டு எல்லார்ட்டயும் மாரடிக்கேன். வெளியாள் கேட்டாத் திட்டலாம். சொந்த மாமாவ என்ன செய்ய? சொல்லுங்க, என்ன செய்ய?”

“சத்தம் போடாத. பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றார் மாமா. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொல்லுத பழக்கம் எனக்கு இல்ல” என்றார்.

சுகிர்தா போனை எடுத்தாள். நான்கு வருஷமாய் யாருக்கும் காட்டாத ஒரு படம் அதில் இருந்தது. அதைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். மண்டபத்துச் சுவரில் கல் பெயர்ந்த ஒரு பொந்து. பொந்துக்குள் இரண்டு கூகைக் குஞ்சுகள், வெள்ளைத் தூவியும் உடம்புமாய், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது.

மாமா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். கை தானாகவே படத்தைப் பெரிதாக்கியது. பொந்தை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனது, சுவருக்குப் போனது, தூணுக்குப் போனது. செத்த குஞ்சுகளைக் காட்டினாலும் இந்த மனிதர் ஊரைத்தான் தேடுகிறார்!

“இது... தூணுல யாளி மூக்கு ஒடைஞ்சிருக்கு. அப்ப இது வடகரை மண்டபம். தெக்குச் சுவரு. நாம...”

நிறுத்திக்கொண்டார்.

“ஆமா மாமா” என்றாள் சுகிர்தா. “இதுங்க உசிரோட இருந்தப்ப எடுத்த படத்த நான்தான் குழுவுல இடத்தோட போட்டேன். அப்ப விதி கிடையாது. ஒரு வாரம் திருவிழா மாதிரிக் கூட்டம். தாய் திரும்பி வரவே இல்ல.”

அத்தைதான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது நாம ஆட்டோ புடிச்சுப் போனோமே, அந்த ஆந்தை மண்டபம்லா? நீங்ககூட நம்ம அஞ்சு பேட்டரிக் கட்டை டார்ச்ச எடுத்துட்டு வந்தீங்க. குஞ்சு கண்ணச் சிமிட்டுதுன்னு நான் சொன்னேன். நல்லாத் தெரியட்டும்னு கிட்டக் கொண்டுபோயி அடிச்சீங்க.”

“நீ உள்ள போ” என்றார் மாமா. அத்தை போகவில்லை. அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஓரத்தை அல்ல, பொந்தை.

பிறகு தன் போனை எடுத்து, ஒரு விரலால் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

“திருத்தம். இன்று நான் குறிப்பிட்ட இடம் தவறு. நிழலை நேராக்கத் தலைகீழாய்ப் பார்க்கும்போது இடம் வலமாகவும், வலம் இடமாகவும் மாறும். அதைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன். சரியாகப் பார்த்ததில் அது களக்காட்டுப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ள ஒரு நீரோடை. வனத்துறை அனுமதியின்றி யாரும் போக முடியாது. சிரமத்துக்கு வருந்துகிறேன். ஆவுடைநாயகம், நில அளவர் (ஓய்வு).”

“நீ தை மாசம் மிருகக் கணக்கெடுப்புக்குக் களக்காட்டுக் காட்டுக்குப் போனேல்லா? அப்ப எடுத்ததுன்னு கீழ போடு. அப்பத்தான் நிக்கும்” என்றார்.

“மாமா, நெசமாவே இடம் வலம் மாறுமா?”

“மாறாம? வேலைக்குச் சேந்த மொத நாளே சொல்லிக் குடுக்கது அது. அதக்கூடப் பாக்காமலா நான் சொல்லுவேன்?” என்றார். உடனே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் வைத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று அவருக்கே பயம் போலிருந்தது.

சுகிர்தா கீழே, “மாமா சொல்வதுதான் சரி, தையில் எடுத்த படம்” என்று போட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம், இரண்டு தடவை அழித்து அழித்து எழுதினாள்.

பதில்கள் கொட்டின. கிருபைராஜ் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களை ஒரு வரிசை போட்டான். “அடச்சே, ட்ரோனுக்குச் சார்ஜ்லாம் போட்டுட்டேன் அண்ணாச்சி!” யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒருவர் பெரிய மனது பண்ணினார். எபனேசர் எழுதியதுதான் மோசம்: “எங்க அப்பா தோட்டத்தை அளந்தது நீங்கதானே அண்ணாச்சி? எதுக்கும் மறுபடி ஒரு தடவை அளந்து பாத்துக்கிடுதேன்.” அதற்கு முப்பது பேர் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முத்துமாலையின் போன் வந்தது. அந்தச் சிரிப்பு போனுக்கு வெளியேயும் கேட்டது.

“ஆமா வே” என்றார் மாமா. “ஆமா. வயசாயிட்டுல்லா.” போனை வைத்துவிட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுகிர்தா ஏதோ சொல்ல வந்தாள். “வாயத் தொறக்காத” என்றார். “யார்ட்டயும் சொல்லப்பிடாது. உன் மாப்பிள்ளைட்டயும்தான். போ, நேரமாவுது.”

வண்டியில் திரும்பும்போது அவளுக்கு எல்லார் மேலும் எரிச்சலாய் வந்தது. எபனேசர் மேல், கிருபைராஜ் மேல், இத்தனை வருஷம் எரிச்சல் மூட்டிவிட்டு இன்றைக்குப் பார்த்து இப்படிச் செய்த மாமா மேல், எல்லாவற்றுக்கும் மேலாய் ஒரு புலி வாலுக்குப் பொறாமைப்பட்ட தன் மேல். ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் அணைக்கட்டுக்குப் போனாள். எருமை குளிப்பாட்ட வந்த ஒருவரைத் தவிர வேறு யாருமில்லை. ட்ரோன் இல்லை, சாப்பாட்டுப் பொட்டலம் இல்லை. தாய் ஒரு கெண்டையைக் கவ்வி வந்து வேரின் மேல் போட்டது. மூன்று குட்டிகளும் வந்தன. அவற்றில் ஒன்று தண்ணீருக்குள் காலை வைத்து, பயந்து, மறுபடி வைத்துப் பார்த்தது.

சுகிர்தா படம் எடுத்தாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாய் ஒன்றையும் வெட்டவில்லை. வானம் இருந்தது, பொதிகை முழுசாய் நிமிர்ந்து நின்றது, அணைக்கட்டின் சுவர், மருதமரம், அதற்கு மேற்கே சாய்ந்த ஒரு எல்லைக்கல், அதில் செதுக்கிய எண்கூடத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகூட எந்த இடம் என்று சொல்லிவிடும். அதைக் குழுவில் போடவில்லை. மாமாவுக்கு மட்டும் தனியே அனுப்பினாள்.

இரண்டு கோடுகளும் நீலமாயின. அவர் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார். புல எண், உட்பிரிவு, கல் நட்ட வருஷம் எல்லாம் வரப்போகிறது, வரட்டும், இன்றைக்கு ஆசை தீரச் சொல்லிக்கொள்ளட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

“நல்ல படம். குட்டி மூணும் சுகமாயிருக்கு. எங்கன எடுத்ததுன்னுதான் தெரியல.”